வௌவால் வந்தது எந்த வகுப்பில்?

பள்ளிக்கூடம் முடிந்து முப்பது, நாற்பது வருஷம் கழித்து ஒன்றாகப் படித்தவர்கள் கூடும் எந்த இடத்திலும் முதல் அரை மணி நேரத்துக்கு ஒரு கொடுமை நடக்கும். முன்மண்டை வழுக்கையான ஒருவர் நேராக வந்து எதிரே நின்று, இரண்டு கையையும் இடுப்பில் வைத்துக்கொண்டு, "என்னைத் தெரியுதா?" என்பார். பெயரைச் சொல்ல மாட்டார். அதை நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும். சிரித்தபடியே அவருடைய காது, மூக்கு, பல்வரிசை எல்லாவற்றிலும் தேடுவோம். ஒன்றும் பிடிபடாது. "என்னப்பா, அதுக்குள்ள மறந்துட்டியா?" என்று அவர் முகம் வாடும் நேரத்தில், பின்னாலிருந்து யாராவது அவரைப் பட்டப்பெயர் சொல்லிக் கூப்பிட்டு நம்மைக் காப்பாற்றினால் உண்டு.

இந்தக் கேள்வியை அடியோடு ஒழிக்க வேண்டும் என்பது என் கட்சி. நாகரிகம் கருதி மட்டும் சொல்லவில்லை. மூளைக்குச் சுத்தமாக வராத வேலையை அது கேட்கிறது. அமெரிக்க உளவியலாளர் ஹாரி பாரிக்கும் அவருடைய சகாக்களும் 1975-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அண்மையில் பள்ளியை முடித்தவர்கள் தொடங்கி, முடித்து ஐம்பது வருஷத்தை நெருங்கியவர்கள் வரை 392 பேர். அவரவர் பள்ளி ஆண்டு மலரை வைத்துக்கொண்டு சோதித்தார்கள். கூடப் படித்தவர்களின் பெயர்களை நீங்களாகச் சொல்லுங்கள் என்றபோது, பள்ளியை விட்டு வருஷம் ஆக ஆக ரொம்பவே திணறினார்கள். அதே ஆட்களிடம் சில படங்களைக் காட்டி, இதில் உங்களோடு படித்தது யார் என்று கேட்டால், 35 வருஷம் கழித்தும் பத்துக்கு ஒன்பது சரியாக வந்தது. தானாக எடுத்துக் கொடுக்கத்தான் மூளைக்குச் சிரமம். எதிரே ஒன்றை நீட்டினால், ஆமாம் இதுதான் என்று சொல்லிவிடும்.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. அவர்கள் அடையாளம் காட்டியது பள்ளிக்காலப் படங்களை. சந்திப்பில் நம் எதிரே நிற்பது அந்தப் படம் இல்லையே, அதன் மீது முப்பது நாற்பது வருஷம் ஏறி உட்கார்ந்த முகம். ஆகவே இப்படி ஒரு சந்திப்பை ஏற்பாடு செய்யும் புண்ணியவான்களுக்கு என் வேண்டுகோள்: சட்டையில் குத்திக்கொள்ளும் அட்டையில் பெயரோடு அந்தக் காலத்துப் படத்தையும் அச்சடித்துவிடுங்கள். நான் போன ஒரு சந்திப்பில் யாரோ இந்த யோசனையைச் செய்திருந்தார்கள். ஆளாளுக்கு முதலில் நெஞ்சைப் பார்ப்பது, அப்புறம் நிமிர்ந்து முகத்தைப் பார்ப்பது, உடனே "டேய்!" என்று கத்துவது. மண்டபத்தில் பாதிப் பேர் கூன் போட்டுத்தான் நடந்தார்கள், ஆனால் ஒருவருடைய முகமும் வாடவில்லை.

பெயர் மட்டும் ஏன் இப்படி நழுவுகிறது என்பதற்கும் ஒரு விளக்கம் உண்டு. முன்பின் தெரியாத முகங்களைக் காட்டிப் பெயரையும் தொழிலையும் கற்றுக்கொள்ளச் சொன்ன ஒரு சோதனை 1987-இல் வந்தது. பெயராகவும் வரும், தொழிலாகவும் வரும் சொற்களை வேண்டுமென்றே பயன்படுத்தினார்கள். ஒரே சொல்தான், ஆனால் தொழிலாகச் சொன்னபோது மனதில் நின்றது, பெயராகச் சொன்னபோது நிற்கவில்லை. தொழில் என்றால் அதோடு உடை, கருவி, நாள்பூரா என்ன செய்வார் என்பதெல்லாம் சேர்ந்து வருகிறது. பெயருக்குப் பிடித்துக்கொள்ளக் கொக்கி எதுவும் கிடையாது. வகுப்புத் தோழர்கள் விஷயத்திலும் இதே கதைதான். இடது கையால் எழுதுவான், எழுதும்போது நாக்கை மடித்துக் கடித்துக்கொள்வான், பேனா மூடியைத் தொலைத்துவிட்டு மற்றவர்களிடம் கேட்பான், எல்லாம் ஞாபகம் வரும். பெயர்தான் வராது.

குரல் மட்டும் ஏமாற்றுவதில்லை என்று எனக்குத் தோன்றுகிறது, அதிலும் சிரிப்பு. தொலைபேசியில் "சொல்லுங்க சார், யார் பேசறீங்க?" என்று ஆரம்பித்த ஒருவன், நான் பெயரைச் சொன்னதும் மூக்கால் சிரித்தான். அந்தச் சிரிப்புக்காக அவனை வகுப்புக்கு வெளியே எத்தனையோ தடவை நிற்க வைத்திருக்கிறார்கள். அதற்கு மேல் அவனும் சார் போடவில்லை, நானும் போடவில்லை.

ஆட்களைத் தேடிப் பிடிப்பது ஒரு காலத்தில் பெரிய வேலை. பழைய முகவரிக்குக் கடிதம் போட்டு, அது திரும்பி வந்தால் இன்னொருவரைக் கேட்டு, சங்கிலி பிடித்துப் போக வேண்டும். அமெரிக்காவில் 1995-இல் கிளாஸ்மேட்ஸ் தளம் வந்தது, பிரிட்டனில் 2000-இல் ஃப்ரெண்ட்ஸ் ரீயுனைட்டட். பழைய பள்ளித் தோழர்களைத் தேடித் தருவதற்கென்றே ஆரம்பித்தவை இவை. 2006-இல் ஃபேஸ்புக் எல்லோருக்கும் கதவைத் திறந்த பிறகு இதற்கென்று தனிக்கடை தேவைப்படாமல் போயிற்று. ஃப்ரெண்ட்ஸ் ரீயுனைட்டட் 2016-இல் மூடப்பட்டது. இப்போது யாராவது ஒருவர் வாட்ஸ்அப்பில் ஒரு குழு ஆரம்பித்தால் போதும், ஆளுக்கு இரண்டு எண் தெரியும், ஒரு வாரத்தில் பாதி வகுப்பு வந்து உட்கார்ந்துவிடும்.

மீதிப் பாதியில்தான் சிக்கல். கல்யாணத்துக்குப் பிறகு பெயரின் பின்பாதி மாறிப்போன பெண்களைத் தேடுவது இன்றும் சுலபமில்லை. இரண்டாம் வருஷமே பள்ளி மாறிப் போனவர்கள் எந்தப் பட்டியலிலும் வருவதில்லை. படிப்பைப் பாதியில் நிறுத்தியவர்கள், நாங்கள் உங்கள் 'பேட்ச்' இல்லையே என்று தாங்களாகவே ஒதுங்கிக்கொள்கிறார்கள். கண்டுபிடிக்கப்படவே விரும்பாதவர்களும் இருக்கிறார்கள். அவர்களுடைய எண்ணை எப்படியோ கிளறி எடுத்துக் கேட்காமலேயே குழுவில் சேர்த்து, அவர் வெளியேறியதும் "ரொம்ப மாறிட்டாம்பா" என்று பேசுகிறவர்களை எனக்குப் பிடிப்பதில்லை. ஒருவர் விலகி நிற்பதற்கு அவருக்கென்று ஒரு காரணம் இருக்கும், அது நமக்குத் தெரிய வேண்டும் என்று கட்டாயமில்லை.

எண் கைக்கு வந்த பிறகும் பேசிவிடுகிறோமா என்றால், பெரும்பாலும் இல்லை. லாரா அக்னின், கிலியன் சாண்ட்ஸ்ட்ரம் என்ற இரண்டு உளவியலாளர்கள் 2024-இல் வெளியிட்ட ஆய்வில் இதைத்தான் பார்த்தார்கள். தொடர்பு விட்டுப்போன நண்பர் ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். அவரோடு பேச உங்களுக்கு ஆசை இருக்க வேண்டும். அவரும் சந்தோஷப்படுவார் என்று நீங்கள் நம்ப வேண்டும். எண்ணும் கையில் இருக்க வேண்டும் என்று நிபந்தனை போட்டு, செய்தி எழுத நேரமும் கொடுத்தார்கள். அப்படியும் அனுப்பியவர்கள் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. பழைய நண்பரிடம் பேசுவதும் முன்பின் தெரியாத ஒருவரிடம் பேசுவதும் அவர்களுக்கு ஏறக்குறைய ஒரே தயக்கமாக இருந்தது. இதைப் படித்தபோது எனக்கு ஆச்சரியமே வரவில்லை. "எப்படி இருக்கே" என்று தட்டி, அது மொட்டையாக இருக்கிறதே என்று அழித்து, காரணம் ஏதாவது இருந்தால் நன்றாக இருக்குமே என்று தள்ளிப்போட்டு, பிறந்தநாள் வரட்டும் என்று விட்டு... அதே ஆய்வில் ஒரு மருந்தும் இருந்தது. இப்போது பழக்கத்தில் உள்ள நண்பர்களுக்கு முதலில் சில நிமிடம் செய்தி அனுப்பச் சொல்லிவிட்டு, அப்புறம் பழையவருக்கு அனுப்பச் சொன்னபோது கூடுதலான பேர் அனுப்பினார்கள். கை பழகிவிட்டால் கூச்சம் போய்விடுகிறது, அவ்வளவுதான்.

சரி, எல்லோரும் வந்தாயிற்று, அட்டையைப் பார்த்துக் கத்தியாயிற்று. இனிமேல் கதை.

எங்கள் கதைகளில் முதல் இடம் வௌவாலுக்கு. கணக்குப் பரீட்சை நடக்கும்போது வகுப்புக்குள் ஒரு வௌவால் புகுந்தது. என் ஞாபகத்தில் இது கண்ணாடி மாதிரித் தெளிவு: அது விசிறியைச் சுற்றி இரண்டு வட்டம் அடித்தது, பெண்கள் பக்கம் தாழப் பறந்தது, நான் கரும்பலகைக்குக் கீழே இருந்த டஸ்டரை எடுத்து எறிந்தேன், சாக்பீஸ் தூள் பறந்தது, வௌவால் ஜன்னல் வழியாக வெளியே போனது. இதை என் பிள்ளைகளுக்கும் சொல்லியிருக்கிறேன். சந்திப்பில் நான் கதையை ஆரம்பித்ததும், என் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவன் குறுக்கே புகுந்தான். "டஸ்டரை எறிஞ்சது நான். நீ பெஞ்சுக்கு அடியில இருந்தே. விடைத்தாளைத் தலைமேல வெச்சுக்கிட்டு." நாங்கள் இருவரும் சண்டை போட்டுக்கொண்டிருக்க, எதிரே உட்கார்ந்திருந்த ஒருத்தி நிதானமாகச் சொன்னாள்: "நம்ம வகுப்புக்கு வௌவாலே வரல. அது பி செக்‌ஷன்ல. சுவருக்கு அந்தப் பக்கம் சத்தம் கேட்டுச்சு, நாமெல்லாம் எழுதாம சிரிச்சுக்கிட்டு இருந்தோம். மறுநாள் அவங்க வந்து கதை சொன்னாங்க."

ஒரு நிமிடம் மேசையே அமைதியானது. அப்புறம் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள். வௌவாலின் நிறம்கூட இரண்டு பேருக்குத் தெரிந்திருந்தது.

இதில் யாரும் பொய் சொல்லவில்லை. கேம்பிரிட்ஜில் ஃப்ரெடரிக் பார்ட்லெட் 1932-லேயே இதை எழுதிவைத்துவிட்டார். நினைவு என்பது பெட்டியில் பூட்டிவைத்த பொருள் இல்லை, எடுக்கும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் புதிதாகக் கட்டப்படுகிறது என்பது அவர் சொன்னதன் சாரம். நான்கு பேர் கூடிப் பேசும்போது கட்டுமானத்தில் மற்றவர்களின் செங்கல்லும் வந்து சேர்கிறது. ஹென்றி ரோடிகரும் சகாக்களும் 2001-இல் இதைச் சோதித்தார்கள். இருவர் ஒன்றாக உட்கார்ந்து சில அறைகளின் படங்களைப் பார்க்கிறார்கள். ஒருவர் ஆய்வாளர் ஏற்பாடு செய்த ஆள். பார்த்ததை இருவரும் மாறிமாறிச் சொல்லும்போது, படத்தில் இல்லாத சில பொருள்களை அவர் சேர்த்துவிடுகிறார். பிறகு மற்றவரைத் தனியே எழுதச் சொன்னால், அந்தப் பொருள்களில் சில அவருடைய பட்டியலிலும் இடம்பிடித்திருக்கின்றன. ஒருமுறை பார்த்த படத்துக்கே இப்படி என்றால், மறுநாள் காலை பி செக்‌ஷன் ஆட்கள் கையை விரித்து நடித்துக் காட்டிய கதை, இத்தனை வருஷத்தில் சுவர் தாண்டி எங்கள் வகுப்புக்குள் பறந்து வருவதில் அதிசயம் ஒன்றுமில்லை.

நம்மைப் பற்றி நாமே வைத்திருக்கும் கணக்கும் இப்படித்தான். பாரிக் 1996-இல் 99 கல்லூரி மாணவர்களிடம் அவர்கள் பள்ளியில் வாங்கிய மதிப்பெண் தரங்களைக் கேட்டுப் பதிவேட்டோடு ஒத்துப்பார்த்தார். முதல் தரம் வாங்கிய பாடங்களில் 89 சதவீதம் சரியாக ஞாபகம் இருந்தது. கடைசித் தரத்தில் 29 சதவீதம்தான். தவறாகச் சொன்னவர்களில் பெரும்பாலானோர் கூட்டித்தான் சொன்னார்கள். இவர்களெல்லாம் பள்ளியை விட்டு அதிக நாள் ஆகாத பிள்ளைகள் என்பதையும் கவனிக்க வேண்டும். நாற்பது வருஷம் கழித்து ஒருவர் "கணக்குல நான் எப்பவும் தொண்ணூறுக்கு மேலதான்" என்றால், சிரித்துவிட்டுப் போக வேண்டியதுதான்.

இதைவிட என்னை யோசிக்க வைத்தது டேனியல் ஆஃபர் என்ற மனநல மருத்துவரின் ஆய்வு. 1962-இல் 14 வயதுப் பையன்கள் 73 பேரிடம் அவர்களுடைய வீடு, பெற்றோர், படிப்பு, ஆசைகள் பற்றி விரிவாகக் கேட்டுப் பதிவு செய்தார். அவர்களில் 67 பேரை 48-ஆவது வயதில் மறுபடி பிடித்து, 14 வயதில் நீங்கள் எப்படி இருந்தீர்கள் என்று கேட்டார்கள். பதில்கள் பழைய பதிவோடு பொருந்தியது, கண்ணை மூடிக்கொண்டு ஊகித்தால் எவ்வளவு பொருந்துமோ அவ்வளவுதான். பள்ளிக்காலத்தில் நான் இப்படிப்பட்டவன் என்று நாம் அடித்துச் சொல்வதற்கு ஆதாரம் அவ்வளவு மெலிசு.

இதைத் தெரிந்துகொண்ட பிறகு எனக்குச் சந்திப்புகளில் ருசி கூடிவிட்டது. எல்லோருக்கும் ஒத்துப்போகும் கதைகள் ஏற்கெனவே சொல்லிச் சொல்லித் தேய்ந்தவை. நான் காத்திருப்பது "இல்லையே, அப்படி நடக்கலையே" என்று யாராவது சொல்லும் நேரத்துக்கு. நமக்குக் கொஞ்சமும் ஞாபகமில்லாத நம்மைப் பற்றிய தகவல் அப்போதுதான் வெளியே வரும். ஒருத்தி சொன்னாள், பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு அன்று என்னுடைய ஜியாமெட்ரி பெட்டியில் இருந்த காம்பஸை அவளிடம் கொடுத்துவிட்டு நான் நாணயத்தை வைத்து வட்டம் போட்டேனாம். எனக்கு அப்படி ஒரு நாள் இருந்ததாகவே தெரியவில்லை. நடந்திருக்கலாம், வேறு யாராகவும் இருந்திருக்கலாம். ஆனால் அவள் தலையில் இத்தனை வருஷமாக அந்தப் பையன் நாணயத்தை வைத்து வட்டம் போட்டுக்கொண்டு இருந்திருக்கிறான், எனக்குத் தெரியாமல்.

எல்லா மறதியும் இப்படி இனிப்பாக முடிவதில்லை. எங்கள் வகுப்பில் ஒருவனுக்கு இருந்த பட்டப்பெயரை இங்கே எழுதமாட்டேன். அவன் பேசும் விதத்தைக் கேலி செய்யும் பெயர். மேடையில் அறிமுகம் நடந்தபோது மைக் வைத்திருந்தவர் அந்தப் பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டார், பலத்த கைதட்டல். அவன் போய் மைக்கை வாங்கினான். "இன்னிக்கு ஒரு நாள் என்னை என் பேரைச் சொல்லிக் கூப்பிடுங்கப்பா" என்றான். வேடிக்கையாகச் சொல்கிறான் என்று இன்னும் பலமாகச் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை. மைக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போய் உட்கார்ந்தான், சாயங்காலம் படம் எடுக்கும்போது ஆளைக் காணோம்.

சின்ன வயதுக் கேலிதானே என்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். பிரிட்டனில் 1958-இல் ஒரே வாரத்தில் பிறந்த குழந்தைகளை வாழ்நாள் முழுக்கத் தொடரும் ஒரு பெரிய ஆய்வு இருக்கிறது. அதிலிருந்து 7,771 பேரின் தகவல்களை எடுத்து 2014-இல் பார்த்தார்கள். 7 வயதிலும் 11 வயதிலும் சக பிள்ளைகளால் அடிக்கடி துன்புறுத்தப்பட்டவர்களுக்கு 50 வயதிலும் மனச்சோர்வு, பதற்றம் போன்றவை மற்றவர்களைவிட அதிகமாக இருந்தன. பட்டப்பெயர் வைத்தவர்களுக்கு அது மறந்துபோகும், அல்லது இனிய ஞாபகமாக மாறும். சந்திப்புகளை ஏற்பாடு செய்வதும் மைக் பிடிப்பதும் பெரும்பாலும் பள்ளியில் சந்தோஷமாக இருந்தவர்கள்தான் என்பதால், அங்கே சொல்லப்படும் வரலாறும் அவர்களுடையதாகவே இருக்கிறது.

அன்று இரவு ஒருவனை அவன் தங்கியிருந்த இடத்தில் இறக்கிவிட வண்டியில் கூட்டிப் போனேன். வகுப்பில் அதிகம் பேசாதவன், மண்டபத்திலும் பேசவில்லை. போகிற வழியில், "நான் பத்தாவதுல கொஞ்ச நாள் வரல, ஞாபகம் இருக்கா?" என்றான். இருந்தது, காய்ச்சல் என்று சொன்னார்கள். "அப்பா வீட்டை விட்டுப் போயிட்டாரு. அம்மா என்னைக் காய்ச்சல்னு சொல்லச் சொன்னாங்க" என்றான். அந்த வருஷம் அவன் வந்த நாளெல்லாம் அவன் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறேன். பிறகு அவன் அந்த வருஷத்தைப் பற்றி நிறையப் பேசினான். அதில் வௌவால் இல்லை, டஸ்டர் இல்லை, நாங்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்து சிரித்த எதுவுமே இல்லை. வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

சந்திப்புக்குப் பிறகு குழுவுக்கு என்ன ஆகும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. முதல் வாரம் படங்கள் கொட்டும். அப்புறம் காலை வணக்கப் பூக்கள், அதற்கப்புறம் அரசியல், ஒருவர் கோபித்துக்கொண்டு வெளியேறுவது, அட்மின் சமாதானம் செய்து திரும்பச் சேர்ப்பது. சில மாதங்களில் யாராவது இறந்த செய்தி வந்தால் மட்டும் எல்லோரும் எட்டிப்பார்ப்பார்கள். இதைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, ஐம்பது பேரோடு ஒரே நேரத்தில் நட்பாக இருப்பது யாருக்கும் நடக்காத காரியம். நிற்பதெல்லாம் தனித்தனியாக இரண்டு பேருக்குள் நிற்பதுதான். விட்டுப்போன தொடர்புகளை வேலை விஷயமாகப் புதுப்பிக்கச் சொல்லி மேலாளர்களிடம் நடத்தி 2011-இல் வெளியான ஓர் ஆய்வில், தினமும் பழகும் ஆட்களைவிட இந்தப் பழையவர்களிடமிருந்து புதிய யோசனைகள் கிடைத்தன, பழைய நம்பிக்கையும் கெடாமல் இருந்தது. இடைப்பட்ட வருஷங்களில் இருவரும் வேறுவேறு உலகத்தைப் பார்த்துவிட்டு வந்ததுதான் காரணம் என்கிறார்கள்.

ஒரு காரியத்தை மட்டும் குழு கலகலப்பாக இருக்கும்போதே முடித்துவிடுவது நல்லது. யாரிடமாவது வகுப்பின் பழைய குரூப் போட்டோ இருக்கும். அதைப் பெரிதாக்கி, வரிசை வரிசையாகப் பெயர் எழுதுங்கள். ஒருவரே உட்கார்ந்து எழுத முடியாது. படத்தைப் பார்த்து ஆளுக்குப் பத்துப் பெயர் சொன்னால் நிரம்பிவிடும். எங்கள் படத்தில் இப்போது இரண்டு பேர்தான் பாக்கி. முன்வரிசையில் ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் ஆசிரியை எங்களுக்கு என்ன பாடம் எடுத்தார் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. மூன்றாம் வரிசையில், உயரமான ஒருவனின் தோளுக்குப் பின்னால் பாதி மறைந்து, கண்ணை மூடிக்கொண்டு நிற்கும் பையனைப் பற்றியோ இரண்டு பேர் அது நான்தான் என்கிறார்கள். ஒருவன் சட்டைக் காலரைச் சாட்சியாகக் காட்டுகிறான். இன்னொருவன் தன் அம்மாவையே கேட்டுவிட்டான், அவரும் "நீதான்" என்று சொல்லிவிட்டாராம். முதலாமவன் இப்போது தன் அக்காவிடம் படத்தை அனுப்பியிருக்கிறான்.